பூஜையில் இருக்கும் புத்தகம்

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
27-10-1996

என் அருமைச் சாருவுக்கு, ஃபிர்தௌஸ் சலாமும் கொஞ்சம் கோபமும் சேர்த்து எழுதுவது.

இங்கே உம்மாவும் வாப்பாவும் நலம். நாக்பூரில் நீயும் முருகையனும் நலமாக இருக்க துஆ செய்கிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தீபாவளிக்கு வரப்போவதில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவளின் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அப்பா சொன்ன பிறகு எந்த முகத்தோடு வருவேன் என்று கேட்கிறாய். அம்மா தாயே, இதை முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்.

நீ இல்லாமல் எம்.ஏ. வகுப்பு உப்புச் சப்பில்லாமல் போகிறது. கடவுளைக் காதலனாக நினைத்து உருகும் பாட்டுக்கெல்லாம் நான் கண் கலங்குவேன். உன் சாமிக்கு நீ அழேன்டி என்றால், எனக்குப் பரீட்சை பயம்தான் இருக்கு, பக்தி எங்கே இருக்கு என்பாய். அப்படி ஒரு பெண் பாடிய பாட்டை வீட்டில் உரக்கப் படித்தபோது உம்மா முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அடுப்படியிலிருந்து, "யாரு புள்ள அது, இப்படி உருகுறா? இன்னொரு தடவை படி" என்றார்கள்.

சரஸ்வதி பூஜை என்றாலே எனக்கு உங்கள் வீடுதான். எங்கள் வீட்டில் வேதத்தை உயரத்தில் வைப்போம். கை கால் கழுவிவிட்டு எடுத்துத் தினமும் ஓத வேண்டும். உங்கள் வீட்டிலோ எல்லாப் புத்தகத்தையும் மூடி அடுக்கிச் சந்தனம் வைத்து, இன்றைக்குப் படிக்காதே என்பார்கள். ஏன் மாமி என்று உன் அம்மாவை முதல் வருஷமே கேட்டேன். "வருஷம் பூரா அதைப் போட்டுப் படுத்தறேளே, ஒரு நாள் அதுக்கும் ஓய்வு வேண்டாமாடி?" என்றார். கீழே விழுந்த புத்தகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வதில் மட்டும் இரண்டு வீடும் ஒன்று. படிக்காதே என்ற அன்றைக்குத்தான் உனக்குக் கை பரபரக்கும். மாட வீதியில் கடைப் பலகை, சுவர் விளம்பரம், சுண்டல் மடித்த காகிதம் எதையும் விடமாட்டாய். படித்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாய்.

இந்த வருஷமும் மாமி கூப்பிட்டு அனுப்பினார். போனேன். அடுக்கின் உச்சியில் மல்லிகைச் சரத்தோடு நம் பக்தி இலக்கியப் பாடநூல். லஸ் முனை நடைபாதைக் கடையில் ஆளுக்கொன்றாக வாங்கினோமே, மாமி இரண்டுக்கும் ஒரே மாதிரி காலண்டர் தாளில் அட்டை போட்டுத் தந்தாரே, அது. நீ போன கையோடு உன் புத்தகங்களை எல்லாம் மாமா பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார். அலமாரிக்குப் பின்னால் விழுந்திருந்த இது ஒன்றுதான் மிஞ்சியது என்று மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் விளிம்பில் பரவியிருந்த பச்சை மை என் பேனா மை. அது என் புத்தகமடி! ஜூனில் உங்கள் வீட்டில் மறந்து வைத்துவிட்டு ஊரெல்லாம் தேடியது. உன்னுடையதைத்தான் நீ நாக்பூருக்கே தூக்கிக்கொண்டு போய்விட்டாயே.

மறுநாள் விஜயதசமி. அவரவர் புத்தகத்தை அவரவரே எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டுமல்லவா? மாமி எல்லாவற்றையும் எடுத்தார். இதை மட்டும் தொடவில்லை. "இதுக்கு உடையவ வந்து எடுத்துப் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். கொலுப் பொம்மைகள் பெட்டிக்குள் போயாகிவிட்டது, பூ சருகாகிவிட்டது, புத்தகம் இன்னும் மணைப்பலகையில் இருக்கிறது. அடுத்த மாதம் எனக்கு செமஸ்டர் பரீட்சை. எழுதி வைத்த குறிப்பெல்லாம் அதன் ஓரங்களில்தான். ஆனாலும் மாமியிடம் கேட்க வாய் வரவில்லை.

நேற்று எப்படியாவது சொல்லிவிடலாம் என்று போனேன். மாமி கோவிலுக்குப் போயிருந்தார். மாமாதான் கதவைத் திறந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது உன் புஸ்தகம்தானேம்மா? முதல் பக்கத்துல உன் பேர் இருக்கு. பூஜைக்கு முன்னாடியே பார்த்துட்டேன்" என்றார். நான் தலையாட்டினேன். "மாமிட்ட சொல்லிடாதே. உனக்கு வேற பிரதி லைப்ரரிலேர்ந்து எடுத்துண்டு வரேன். சாரு வர வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

படித்தாயா? இன்னொரு தடவை படி. உன் பெயரை உன் அப்பாவே எடுத்தார். எடுத்ததை அவர் கவனிக்கக்கூட இல்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு உள்ளே போய்விட்டார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

உடனே டிக்கெட் எடு. முருகையனையும் அழைத்துக்கொண்டு வா. சென்ட்ரலுக்கு நானும் வாப்பாவும் வருகிறோம். உன் புத்தகத்தை மறக்காமல் எடுத்து வை. மாமி அசந்த நேரம் பார்த்து நான் மாற்றிவிடுகிறேன். நீ மணைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் உரக்கப் படி, உள் அறை வரைக்கும் கேட்கிற மாதிரி.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாக அந்த வாசல் வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கட்டும். கதவைத் திறக்க மாமா இருக்கிறார்.

உன்,
ஃபிர்தௌஸ்