வழுக்கலும் பூச்சியும்

நவ. 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். தெமோதரை ஓடை. கல் பன்னிரண்டு. கல்லில் படிந்த வழுக்கலை பிரஷால் தேய்த்து போத்தலில். பூச்சிகள் தனியாக, வெள்ளைத் தட்டில்.
தோட்டத்து லய வீடுகளுக்கு மேலே: மூன்று வால் பூச்சி ஒன்பது, மணல்கூடு கட்டும் புழு நாலு.
லயத்துக்குக் கீழே: வழுக்கல் தடிப்பு. செம்புழு மட்டும்.
கம்பஸ் சேருக்கு எழுத: உரம் கலந்தால் வழுக்கல் ஒரு கிழமையில் காட்டிக்கொடுக்கும். பூச்சி மெதுவாகத்தான். ஆனால் பூச்சி இல்லாமல் போனால், பல மாசமாகவே கெடுதி நடந்திருக்கு.
குடையை பஸ்ஸில் விட்டாச்சு.

நவ. 6
அம்மா தேயிலை மலையில் விழுந்துட்டாங்க, கொழுந்துக் கூடையோட. ஓடினேன். காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தால் நாற்றம். குதிகாலில் குழி.
"எப்ப இருந்தும்மா?"
"ஆடியில முள்ளு குத்துச்சு. வலிக்கலயே புள்ள."
அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. காலில் வலி தெரியாது.
ஆடி! ஒரே காம்பராவில்தான் படுக்கிறோம். கிழமைக்கு ஒரு தடவை கல்லைத் திருப்பிப் பார்த்தேன். அம்மா காலை ஒரு நாளும் பார்க்கல.

நவ. 7
பதுளை ஆஸ்பத்திரி. டொக்டர் யாழ்ப்பாணத்தவர். நல்ல மாதிரி.
"கிருமியள் சேர்ந்து படலம் கட்டிப்போட்டுது, பிள்ளை. மருந்து உள்ளுக்குப் போகுதில்லை. முழங்காலுக்குக் கீழ காலை எடுக்கவேணும்."
எனக்குத் தெரியும். நான் படிக்கிறதே அதைத்தான்; கல்லில் வழுக்கலும் அப்படி ஒரு படலம்தான். ஓடையில் வழுக்கலை மேயப் பூச்சியாவது இருக்கு.
அம்மா கேட்டது ஒன்றுதான்: "தோட்டத்து வேலையில பேர வெட்டிருவாங்களா?"
"இல்லம்மா" என்றேன். பொய்.
ஒப்பரேஷன் தாளில் அம்மா ரேகை வைத்தாங்க. பக்கத்தில் என் கையெழுத்து.

நவ. 8
வார்டுக்கு வேண்டியது: பழைய சீலை, சவுக்காரம், பிளாஸ்க்.
ஒப்பரேஷன் முடிஞ்சது. உயிருக்கு ஒன்றுமில்லையாம்.
சேர் மெசேஜ்: மாதிரிகள் எப்போது வரும்? பதில் போடல. போத்தல்கள் வீட்டு ஜன்னலில். இந்நேரம் கெட்டிருக்கும்.
அழுகை வரல. பசிதான் வந்தது. வெட்கமா இருந்தது. இரண்டு ரொட்டி சாப்பிட்டேன்.

நவ. 10
வெயில். அம்மா கஞ்சி குடிச்சாங்க. பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா தோடம்பழம் உரித்துத் தந்தாங்க.
மத்தியானம் அம்மா மெதுவாக, "பெருவிரலு அரிக்குது புள்ள. சொறிஞ்சு விடேன்."
எந்தக் கால் என்று கேட்கவில்லை. அங்கே போர்வை தட்டையாகக் கிடந்தது. மெத்தையைச் சொறிந்தேன்.
"அங்க இல்ல. இன்னும் கொஞ்சம் கீழ."