காரணம்: மழை

மார்ச் 4

ஒருவழியாக எரிவாயுக் குழாய்க்குத் தோண்டிய கடைத்தெருப் பள்ளத்தை மூடித் தாரும் போட்டாகிவிட்டது. சலவைக்கடை அக்கா கடையை விட்டு இறங்கி வந்து, சூடு ஆறாத தாரின் ஓரமாக நின்று, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை பார்த்தார். ஒரு வருடத்துக்கு மேலாக எங்கள் பள்ளத்தின் மேல் பலகை போட்டுத்தான் அவர் கடைக்கு ஆட்கள் போய் வந்தார்கள். துவைத்த துணியெல்லாம் எங்கள் புழுதி. என்னைக் கண்டாலே "இன்ஜினியரம்மா, எப்ப மூடுவீங்க?" என்பார். இன்று கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல், "டீ குடிக்கிறீங்களா?" என்றார். நல்ல டீ.

இனி அழுத்தச் சோதனை ஒன்றுதான் பாக்கி. அனுமதி ஏப்ரல் கடைசி வரை இருக்கிறது. எரிவாயு வந்துவிட்டால் மே மாதம் நான் வீட்டில். மகள் குட்டியிடம் போனில் சொன்னேன். "போன தடவையும் இப்படித்தான் சொன்னே" என்றாள். ஆறு வயதுக்கு இவ்வளவு ஞாபகசக்தி ஆகாது.

மார்ச் 11

குழாயில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றியாகிவிட்டது. நாளை வரைக்கும் அழுத்தமானியின் முள் அசையாமல் நிற்க வேண்டும்.

மார்ச் 12

முள் இறங்குகிறது.

மார்ச் 14

எங்கே ஒழுகுகிறது என்று இரண்டு நாளாகத் தேடி அலைந்துகொண்டிருந்தோம். காலையில் சலவைக்கடை அக்கா போன் செய்தார். "வாசல் ஈரமா இருக்கும்மா. எங்க சாக்கடைதான் ஒடஞ்சுபோச்சு போல. உங்க புது ரோட்டைக் கெடுத்துடுமோன்னு பயமா இருக்கு. ஆள் வரச் சொல்லியிருக்கேன்."

எங்கள் ரோட்டுக்காக அவர் கவலைப்படுகிறார்! "நான் வந்து பாக்கறேன்க்கா" என்று மட்டும் சொன்னேன். 

சாக்கடை இல்லை. நாங்கள்தான்.

மார்ச் 15

அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு வாரம்கூட ஆகாத தாரை உடைக்கும் சத்தத்தை உள்ளே இருந்து கேட்டிருப்பார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

மார்ச் 18

ஒழுகிய இணைப்பை அறுத்து எடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்தவற்றுக்கும் எக்ஸ்ரே எடுத்தோம். இன்னும் இரண்டு சரியில்லை. மூன்றுமே பிப்ரவரியில் போட்டவை. கெடு நெருங்குகிறது என்று ஆட்களை விரட்டிய மாதம். விரட்டியதில் நானும்தான் இருந்தேன். அப்போது பத்தில் ஒரு இணைப்புக்குத்தான் எக்ஸ்ரே எடுத்தோம். விதி அதற்கு இடம் கொடுக்கிறது.

வெல்டர் அண்ணன் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "பிப்ரவரி வேலை பூரா தோண்டிப் பாத்துடலாம்மா. என் கை போட்டதுதான். ஆனா எனக்கே நம்பிக்கை வரல."

தன் வேலையைத் தானே சந்தேகப்பட எத்தனை பேருக்கு மனசு வரும்? பிழைத்தோம். ஆனால் பூராவும் தோண்டினால் ஏப்ரலில் எங்கே முடிப்பது? மறுபடியும் கால நீட்டிப்பு கேட்க வேண்டும். மூன்றாவது தடவை.

மார்ச் 20

மேனேஜருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மழைக்காரர். முதல் நீட்டிப்பு மனுவில் காரணம்: எதிர்பாராத கனமழை. இரண்டாவது மனுவிலும் எதிர்பாராத கனமழை. நிஜத்தில் முதல் தடவை பைப் வந்து சேரவில்லை, இரண்டாவது தடவை வரைபடத்தில் தப்பு. இன்றும் அதையே எழுதச் சொன்னார்.

"சார், மழையே பெய்யல."

"இருபது வருஷமா மழைதான் எழுதறேன். இன்னிவரைக்கும் மழை யார்கிட்டயும் கோவிச்சுக்கிட்டதில்ல."

சிரித்துவிட்டேன். பிறகுதான் அவரும் தூங்காத கண்களோடு உட்கார்ந்திருப்பதைக் கவனித்தேன். தெருக்காரர்களை வைத்துப் பொதுவில் விசாரணை நடக்கும். அவர்கள் கூடாது என்றால் நீட்டிப்பு கிடைக்காமல் போகலாம். அப்படியானால் வேலையைப் பிடுங்கி வேறு யாரிடமாவது கொடுப்பார்கள். பாதிக் குழாய் மண்ணுக்குள், அது எப்படிப் போட்டது என்று தெரியாத ஆட்கள் கையில். 

மார்ச் 21

நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். அவசரத்தில் போட்ட இணைப்புகள் நம்பத்தக்கவையாக இல்லை, அத்தனையையும் தோண்டிச் சோதிக்க டிசம்பர் வரை அவகாசம் வேண்டும். மழைக்காரர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் தலை உருளும், தெரியுமில்ல?" என்றார். கையெழுத்துப் போட்டார்.

இந்த மனிதரை எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன்.

அப்புறம் வீட்டுக்குப் போன் செய்தேன். மே மாதம் வர முடியாது என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன்.  இவர், "நீயே கெடந்து அழுதா நாங்க எப்ப அழறது?" என்றார். அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் அழுதேன். குட்டி போனை வாங்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

ஏப்ரல் 9

விசாரணை முடிந்தது.  மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

பிளாஸ்டிக் நாற்காலி போட்ட நீள அறை. மைக் கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. நான் காரணத்தைப் படித்து முடித்ததும் பின்வரிசையில் ஒருவர், "போட்டது தப்புன்னு அவங்களே சொல்றாங்க, அவங்ககிட்டயே மறுபடி குடுப்பீங்களா?" என்றார். நியாயமான கேள்வி. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மழைக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

அப்போது சலவைக்கடை அக்கா எழுந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். அன்றைக்கு ஷட்டரை இறக்கியவர் அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை.

"போன ரெண்டு தடவையும் மழைன்னு எழுதியிருந்தாங்க" என்றார். "நான் துணி காயப்போட்டுப் பொழைக்கறவ. மழை எப்ப பெஞ்சுதுன்னு எனக்குத் தெரியாதா? சண்டை போடணும்னுதான் இன்னிக்கு வந்தேன். ஆனா இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிட்டாங்க. வயித்தெரிச்சல் இல்லாம இல்ல. அந்தப் பைப்புக்குப் பத்தடி தள்ளித்தான் நான் படுத்துத் தூங்கறேன். அவசரமா மூடினா என்ன ஆகும்னு பாத்தாச்சு. புதுசா வர்றவனுக்கு எங்க ஓட்டைன்னு தேடவே ஒரு வருஷம் ஆகும். இவங்களுக்கே நேரம் குடுங்க. நிதானமா செய்யட்டும்." உட்காரப் போனவர் திரும்பினார். "முதல்ல என் வாசலை முடிக்கணும். அதையும் எழுதிக்கங்க."

அறையே சிரித்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றி என்ற சொல் அந்த நேரத்துக்குப் போதவில்லை. அக்கா கையை உருவிக்கொண்டு, "சரி சரி, உங்க சட்டையைப் பாருங்க, எத்தனை நாளா துவைக்கல? கொண்டாங்க" என்றார்.

ஏப்ரல் 24

டிசம்பர் வரை கிடைத்துவிட்டது. ஆணையில் அக்காவின் வாசல் முதல் நிபந்தனை. மழைக்காரரின் தலை உருளவில்லை. பதவி உயர்வுதான் தள்ளிப்போயிற்று. "தலை இருக்கே, போதும்" என்கிறார்.

மே 17

இவர் குட்டியையும் இரண்டு பெட்டியையும் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். "என் வேலை எங்க உக்காந்தாலும் ஓடும். நீ வர முடியாட்டி நாங்க வந்துட்டுப் போறோம், இதுல என்ன?" அக்கா கடைக்கு மேல்மாடியை ஒழித்துக் கொடுத்தார். ஒரே அறை, வாளி வைத்துப் பிடிக்க வேண்டிய குழாய், ஜன்னலைத் திறந்தால் சோப்பு வாசனை. இரண்டு வருடத்துக்குப் பிறகு மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் தூங்கப் போகிறோம். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

குட்டி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசுவாள்.

ஜூன் 30

பேசினாள். "உன் பள்ளத்துல என் பந்து விழுந்துடுச்சு."

செப்டம்பர் 12

தோண்டியதில் மொத்தம் ஏழு இணைப்பு மோசம். மூடிவிட்டுப் போயிருந்தால்? நினைக்கப் பிடிக்கவில்லை. வெல்டர் அண்ணன் ஏழு இணைப்பையும் நானே போடுவேன் என்று பிடிவாதமாக நின்று போட்டார்.

நவம்பர் 20

முள் நின்றது. அசையவே இல்லை. மழைக்காரர், வெல்டர் அண்ணன், அக்கா, இவர், குட்டி எல்லோரும் முறை வைத்து வந்து அதன் முகத்தையே பார்த்துவிட்டுப் போனார்கள்.

டிசம்பர் 16

அக்கா கடையின் வெந்நீர் பாய்லர் இன்று முதல் எங்கள் எரிவாயுவில் எரிகிறது. நீல ஜ்வாலை. அக்கா முதலில் கொதிக்க வைத்தது என் வேலைச் சட்டையைத்தான்.

டிசம்பர் 28

ஊர் திரும்ப ஆர்டர் வந்துவிட்டது. பெட்டி கட்டுகிறோம். குட்டி கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுக்கிறாள். கடைத்தெருப் பிள்ளைகள், அக்காவின் சோப்பு நுரை, எல்லாவற்றையும் விட்டு வர வேண்டுமாம். குனிந்து பார்த்தேன்.

"இன்னும் கொஞ்ச நாள் நீட்டிச்சுத் தரச் சொல்லி எழுதேன்மா."

"காரணம் கேப்பாங்களே?"

கொஞ்சம் யோசித்தாள். "மழைன்னு எழுது. மேனேஜர் மாமா அப்படித்தான் எழுதுவாராம். அக்கா சொன்னாங்க."

ஜன்னலுக்கு வெளியே, அக்காவின் கொடியில் துணியெல்லாம் மொடமொடவென்று காய்ந்து கிடந்தன.