குழுவில் போடாத செய்தி

வியாழன் இரவு.

பதில் வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். மெய்யியல் முதுகலைக்கு விண்ணப்பித்த நாங்கள் எல்லோரும் பேசிக்கொண்டது அது. எனக்கு இடம் கிடைத்தும் நான் போடவில்லை. வலப்பனையில் இருக்கும் என் தோழி நிஷாந்திக்கு இன்னும் பதில் வரவில்லை, அதனால்தான்.

அம்மா சும்மா இருப்பாரா? காலையில் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடும்போதே, எல்லோரிடமும் சொல்லிவிட்டார். எங்கள் தோட்டத்திலேயே வேலை செய்யும் நிஷாந்தியின் அத்தையும் அங்கே நின்றிருக்கிறார்.

மாலையில் நிஷாந்தி போன் பண்ணினாள். "ஏன்டி, எங்க அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? மொதல்ல குரூப்ல போடு!"

போட்டேன். உடனே இன்னும் நாலு பேர், தங்களுக்கும் கிடைத்துவிட்டதாக எழுதினார்கள். எல்லோருமே அவள் மனசு நோகக்கூடாதென்று மறைத்திருக்கிறார்கள்.

"அடப்பாவிங்களா! இருங்க, எனக்கு வந்தா ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்" என்று எழுதினாள்.

சொல்லாவிட்டால் என்ன? அவள் அத்தை பெரட்டில் சொல்லிவிடுவார்.