சிவப்பில் நிற்கும் முள்

செவ்வாய், 12

விடியலிலிருந்து மழை. பல்கனியிலிருந்து கடலைக் காணவில்லை. ரயில் மட்டும் சத்தத்தில் இருக்கிறது. இன்றைய வேலைகள்:

தேங்காய் துருவுதல் (அம்மாவின் கட்டளை)
அலுமாரி ஒதுக்குதல் (அம்மாவின் கட்டளை, பழையது)
அத்திலாந்திக்கில் ரோந்து (அண்ணாவின் கட்டளை)

கடைசியை மட்டும் செய்தேன். அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை.

கம்ப்யூட்டர் கேமில் ஓடும் நீர்மூழ்கிக் கப்பல் அண்ணாவுடையது. கனடா போகும்போது கம்ப்யூட்டரைக் காவிக்கொண்டு போக முடியாமல் கேமோடு என்னிடம் விட்டுப்போனார். ஒரு வருடமாக விளையாடிய ஆட்டம். ஒரே உயிர் முறை: கப்பல் போனால் ஆட்டமே அழிந்துவிடும், பழைய இடத்திலிருந்து தொடங்க வழியில்லை. இப்போது அங்கே ஒரு கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இணையத்தில் வந்து எடுப்பார். ஆனால் துறைமுகத்தில் கட்டியிருந்தால்தான் கேம் கைமாற விடும். "ரோந்தை முடிச்சு வீட்ட கொண்டுவந்து கட்டிவிடு, வேறொண்டும் வேண்டாம்" என்பது உத்தரவு.

நான் முதலில் செய்தது மாலுமிகளின் பெயரை மாற்றியது. சமையல்காரர்: அம்மா. எஞ்சினியர்: அப்பா. தண்ணீருக்குள் சத்தம் கேட்பவர்: கீழ்வீட்டு அங்கிள். எங்கள் வீட்டில் ஊசி விழுந்தாலும் அவருக்குத்தான் முதலில் கேட்கும்.

இரண்டாவது செய்தது: தூரத்தில் சரக்குக் கப்பல்களைக் கண்டு இரண்டு எஞ்சினையும் முழு வேகத்தில் போட்டுத் துரத்தியது. பிடிக்கவில்லை. எய்த டோபிடோக் குண்டுகள் மீனுக்குப் போயின. வேகம் இரண்டு மடங்கானால் எண்ணெயும் இரண்டு மடங்கு குடிக்கும் என்று நினைத்தேன். அதைவிட எவ்வளவோ கூடக் குடிக்கிறது. எண்ணெய் முள் சிவப்பில். வீடு எங்கேயோ.

மூழ்குவது கப்பலின் வேலை. மூழ்கிப்போவதுதான் என் திறமை.

அண்ணா மெசேஜ்: எப்படிப் போகுது? பெருவிரலை உயர்த்தி அனுப்பினேன். வார்த்தையில் பொய் சொல்லவில்லை.

புதன், 13

வெயில். ஆனால் வீட்டுக்குள் இடி.

கப்பல் மூழ்கும்போது ஊளையிடும் சங்கை நேற்று அப்பாவின் போன் மணியாக வைத்தேன். பின்னால் என் குரல்: "இறக்குங்கோ, கீழ இறக்குங்கோ." கந்தோரில் வேலை நேரத்தில் அடிக்கும், எல்லோரும் சிரிப்பார்கள் என்பது திட்டம். அப்பா இன்று கொட்டாஞ்சேனையில் ஒரு செத்தவீட்டுக்குப் போவார் என்பது திட்டத்தில் இல்லை. பெட்டி மூடும் நேரம், எல்லோரும் அமைதி. வெங்காயம் வாங்கச் சொல்ல அம்மா அப்பாவுக்குப் போன் எடுத்திருக்கிறார்.

அப்பா சப்பாத்தும் கழற்றாமல் என் அறைக்கு வந்தார். வாயைத் திறந்தார். கண் திரையில் பட்டது. வாய் அப்படியே நின்றது.

"என்ன பிள்ளை, எண்ணெய் சிவப்பில நிக்குது?"

பெற்றோல் தட்டுப்பாட்டில் இரவிரவாகக் காருக்குள் கிடந்தவர் அப்பா. அன்றிலிருந்து பாதி டாங்க் என்றால் அவருக்கு வெறும் டாங்க். சிவப்பு முள்ளைக் கண்டால் அது எந்த வண்டியென்று பார்க்க மாட்டார். கட்டிலில் இருந்தார். தூரம் கேட்டார். டாங்க் எவ்வளவு கொள்ளும் என்று கேட்டார். இரண்டு எஞ்சினையும் போட்ட மடையன் ஆர் என்றும் கேட்டார். எஞ்சினியரின் பெயரைக் காட்டினேன். திரைக்குக் கிட்ட வந்து தன் பெயரை இன்னொரு தரம் வாசித்தார்.

செத்தவீட்டுக் கதையை அப்பா மறந்தேவிட்டார். எண்ணெய் இல்லாததால் பிழைத்த ஒரே ஆள் நான்.

வியாழன், 14

மந்தாரம். புதிய ஒழுங்கு, அப்பாவும் நானும் சேர்ந்து போட்டது: ஒரு எஞ்சின் மட்டும். ஊர்ந்து போவது. எந்தக் கப்பலைக் கண்டாலும் விலத்துவது. காரணமில்லாமல் மூழ்குவதில்லை. தண்ணீருக்குக் கீழே பற்றரியில்தான் ஓடும், பிறகு பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றவும் டீசல்தான் வேண்டும். இப்படிப் போனால் வீடு போய்ச் சேரலாம், சொட்டு மிச்சத்தோடு.

அப்பா கந்தோரிலிருந்து போன் எடுத்து "எங்க நிக்கிறம்?" என்று கேட்டார். "நிக்கிறாய்" இல்லை. "நிக்கிறம்".

மாலையில் அண்ணாவின் அழைப்பு. அப்பா பிடித்துக் கொடுத்த வங்கி வேலை வேண்டாமென்று அண்ணா போன நாளிலிருந்து அவர்களுக்குள் இரண்டு கேள்விதான். சாப்பிட்டியோ. குளிரோ. பிறகு போன் அம்மாவின் கைக்கு. இன்றும் அதேதான். போனைக் கொடுத்துவிட்டு அப்பா நேரே என்னிடம் வந்து வேகத்தைக் கூட்டினாயா என்று கேட்டார். அண்ணாவிடமே கேட்டிருக்கலாம், அவருக்குத்தானே கப்பலின் குணம் தெரியும். நான் சொல்லவில்லை. எண்ணெய் விஷயம் அண்ணாவுக்குத் தெரிந்தால் நான் இல்லை.

வெள்ளி, 15

நல்ல வெயில். கெட்ட நாள்.

பாதையில் ஒரு எண்ணெய்க் கப்பல். எங்கள் ஆட்களுடையது, நடுக்கடலில் டீசல் கொடுக்கும். எங்களுக்குத் தேவையில்லை. கணக்குப் பார்த்தாயிற்று. ஆனால் அதன் பக்கத்தில் இரண்டு நீர்மூழ்கிகள், ஒன்றன்பின் ஒன்றாக.

அப்பா கட்டிலிலிருந்து எழும்பிவிட்டார். "கியூ நிக்குது பிள்ளை. நிப்பாட்டு, நாங்களும் நிப்பம்."

நானும் நிறுத்தினேன். யோசிக்கவேயில்லை. அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கள் வெள்ளவத்தையில் வரிசையைக் கண்டால் முதலில் பின்னால் போய் நிற்பது, என்ன கொடுக்கிறார்கள் என்று பிறகு கேட்பது. குசினியிலிருந்து அம்மா வந்து என்ன விஷயம் என்றார். அப்பா டீசல் என்றார். "எத்தனையாவது ஆள்?" என்றார் அம்மா. மூன்றாவது என்றேன். திருப்தியாகப் போனார். எங்களுக்கு டீசல் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெட்டவெளிக் கடலில் அசையாமல் வரிசையாக நிற்கும் கப்பல்கள். விமானத்துக்கு வேறு என்ன வேண்டும்?

எதிரி விமானம் வந்து குண்டு போட்டதில் எண்ணெய்க் கப்பல் போயிற்று. முன்னால் நின்ற இரண்டு பேரும் போனார்கள். நாங்கள் மூழ்கித் தப்பினோம். குண்டு வெடிக்கும்போது அப்பா உண்மையாகவே தலையைக் குனிந்தார். கீழ்வீட்டு அங்கிள் விளக்குமாற்றுத் தடியால் தன் வீட்டு உட்கூரையில் தட்டினார். எங்கள் கப்பலில் கடமை தவறாதவர் அவர் மட்டும்தான்.

நீண்ட நேரம் கீழேயே கிடந்ததில் பற்றரி அடியில். அதை ஏற்றினால் டீசல் வீடு வரை காணாது. ஏற்றாவிட்டால் அடுத்த விமானம் வரும்போது மூழ்க முடியாது.

"தேவையில்லாமல் நிண்டிட்டம்" என்றார் அப்பா. கொஞ்சம் கழித்து, "அண்ணான்ர கப்பலெல்லோ" என்றார். இரவு சாப்பாட்டில் பகிடி எதுவும் வரவில்லை. எனக்கே வரவில்லை.

சனி, 16

மழை. இங்கேயும், கேமிலேயும். அதிலிருந்துதான் யோசனை வந்தது. மழையில் விமானம் பறக்காது. ஆகவே பற்றரியை ஏற்றுவதில்லை, டீசல் முழுவதும் ஓட்டத்துக்கு. வானம் வெளித்தால், நுரைக்கோடு மேலிருந்து தெரியாமல் எஞ்சினை நிறுத்திக் கடலில் சும்மா கிடப்பது, மழை வந்தால் ஊர்வது.

பற்றரியுமில்லை, டீசலுமில்லை, எதை நம்பிப் போவது என்றார் அப்பா. மழையை என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி விடு என்றார்.

நாள் முழுக்க ஒருவர் மாறி ஒருவர் வானம் பார்த்தோம், கம்ப்யூட்டருக்குள். ஒரு தரம் விமானச் சத்தம். மேகத்துக்கு மேலால் போய்விட்டது. அலுமாரி இன்னும் ஒதுக்கவில்லை.

ஞாயிறு, 17

தூறல். துறைமுக விளக்கு தெரிகிறது. அந்த நேரம் பார்த்து எஞ்சின் இருமி நின்றது. டீசல் முடிந்தது. அந்த நேரம் பார்த்தே அண்ணாவின் அழைப்பு, சொன்ன நேரத்துக்கு முந்தி. ஸ்பீக்கரில் போட்டேன். எங்கே நிற்கிறாய் என்றார். வாசலில் என்றேன். பொய்யில்லை. எண்ணெய் எவ்வளவு என்றார். இதோ பார்க்கிறேன் என்று இழுத்தேன்.

அப்பா போனை வாங்கினார்.

"இல்லையடா, முடிஞ்சுது. நடுவில கியூவில நிண்டிட்டம். நிக்கச் சொன்னது நான்தான். தங்கச்சியை ஏசாத."

கப்பல் போய்விட்டதென்று அண்ணா நினைத்துவிட்டாரோ என்று பயந்தேன்.

"கடலிலயும் கியூவோ அப்பா?"

அப்பாவின் வயிறு முதலில் குலுங்கியது, பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது. அங்கே அண்ணாவும். பற்றரியின் அடியில் ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று கேட்டார் அண்ணா. கிடக்கிறது என்றார் அப்பா. அப்படியென்றால் ஒரு மோட்டாரை மட்டும், மிகவும் மெதுவாக. அவர் சொல்ல அப்பா சொல்ல நான் ஓட்டினேன். பற்றரி முள் தரையில் படுக்கும்போது கயிறு கட்டியாயிற்று.

அண்ணா இன்னும் கப்பலை எடுக்கவில்லை. அப்பா விடவில்லை. ஒரு எஞ்சினா இரண்டு எஞ்சினா என்று இரண்டு பேரும் பிடித்த பிடியில் நிற்கிறார்கள். அம்மா இரண்டு தரம் வந்து போனுக்குக் கை நீட்டிவிட்டுப் போய்விட்டார். பிட்டு ஆறுகிறது.

டாங்க்கை முட்ட நிரப்பியாயிற்று, அப்பாவின் கையால். இப்போது அண்ணாவிடம் கேட்கிறார், டோபிடோ வைக்கும் இடத்தில் இரண்டு கான் டீசல் ஒளித்து வைக்கலாமா என்று.