விசில் மேசையில் கிடந்த வாரம்

ஜூன் 8, ஞாயிறு

காலையில் சாரல். மதியத்துக்கு மேல் காற்று. மைதானத்துப் புழுதி பாதி என் வாயில்.

கெங்குவார்பட்டியிடம் 0–3. தொடர்ந்து நான்காவது தோல்வி. நான்கையும் கடைசி நிமிடம்வரை நின்று பார்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கத்திக் கத்தித் தொண்டை புண். மண்டியில் வாழைத்தார் ஏலம் விடுகிற தொண்டை இது. வாரத்தில் ஆறு நாள் சோறு போடுகிறது. ஏழாவது நாளை அணிக்குக் கொடுக்கிறேன். பலன் மூன்று கோல், அதுவும் எதிராளிக்கு.

புதுப் பயிற்சியாளர் தேவாரத்துக்காரர். எல்லோருக்கும் 'மாஸ்டர்'. இங்கே மா. என்றே எழுதுகிறேன். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கேரளாவில் செவன்ஸ், அதாவது ஏழு பேர் கால்பந்து, ஆடியவர். இப்போது உரக்கடை. வந்து இரண்டு மாதம். மெதுவாகப் பேசுவார். கோட்டுக்கு வெளியே கைகட்டி நிற்பார். பந்தைத் தரையிலேயே தட்டிக் கொண்டுபோக வேண்டுமாம். பயல்களும் தட்டுகிறார்கள். நாலு தட்டு. அப்புறம் ஒருத்தன் வானத்துக்கு அடிக்கிறான். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து நம் கோல் முன்னாலேயே போடுகிறது.

ஆட்டம் முடிந்து விசில் மேசைக்கு வந்தது. எங்கள் அணியில் அதுதான் முறை. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் பயிற்சியாளர் தன் விசிலைக் கழற்றிக் கமிட்டி மேசையில் வைக்க வேண்டும். தலைவர் எடுத்துத் திருப்பிக் கொடுப்பார். கொடுத்தால் அடுத்த வாரமும் அவர்தான். கொடுக்காவிட்டால் டீயைக் குடித்துவிட்டு ஊர் போய்ச் சேரலாம். வாயைத் திறந்து யாரும் "போ" என்று சொல்ல வேண்டியதில்லை. இதுவரை இரண்டு பேர் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேருமே டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

இன்று தலைவர் விசிலை உடனே எடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். போனைப் பார்த்தார். கடைசியில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "அடுத்த ஞாயித்துக்கெழம ஒங்க ஊரு டீமுதான் மாஸ்டர். அதையும் விட்டீகன்னா நான் இத எடுத்துத் தரமாட்டேன்," என்றார். மா. தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டில் ஈஸ்வரி: "தோத்தது அவுக. நீங்க எதுக்குச் சாப்பிடாம ஒக்காந்திருக்கீக?"

பிறகு சாப்பிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

முகூர்த்த நாட்கள் நெருக்கத்தில். தார் வரத்து அதிகம். விடியுமுன்னே மண்டி.

சுமை தூக்குகிற நான்கு பேரும் நம் அணிப் பயல்கள்தான். கார்த்தி, செல்வம், அப்புறம் அண்ணன் தம்பி இரண்டு பேர். நான் "ஒரு தரம், ரெண்டு தரம்" சொல்லும்போதே குனிந்து நிற்பார்கள். "மூணு தரம்" முழுதாக வாயை விட்டு வருமுன் தார் தோளில் இருக்கும். ஐந்து வருடப் பழக்கம். மைதானத்தில் மட்டும் இந்தச் சுறுசுறுப்பு எங்கே போய்த் தொலைகிறதோ.

டீக்கடையில் முழுக்க இதே பேச்சு.

"நாலு மேட்சு தோத்தவருக்கு அஞ்சாவது எதுக்குங்கிறேன்?"

"ரெண்டு மாசம் பத்தாதுப்பா. எளந்தாரிக பழகணும்ல."

"அவய்ங்க பழகுறதுக்குள்ள எனக்கு நரச்சுப்போகும்."

தார் ஏற்ற வந்த மலையாளத்து லாரி டிரைவர் ஒருவர், கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கொறச்சு சமயம் கொடுக்கணும் சேட்டா," என்றார். கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டுமாம். யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு மட்டும் எரிச்சல். இவர் ஊர் அணியா தோற்கிறது?

தலைவர் கூப்பிட்டனுப்பினார். ரசிகர்கள் சார்பில் ஒரு மனு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மேசையில் வைக்க. "தங்கராசு, நீதான்ப்பா எழுதணும். ஒனக்குத்தான் கூட்டம் கட்டுப்படும்." கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

1. ஆட்டத்தின்போது சத்தம் போட்டு எதுவும் சொல்வதில்லை.
2. சுரேஷை வலது பக்கம் போட்டது. (பெரிய தப்பு.)
3. பயல்கள் இவர் சொல்வதைக் கேட்பதில்லை.
4. தோற்ற பிறகும் சிரித்த முகம்.

நாலாவதை அடித்துவிடலாமா? இருக்கட்டும். முதல் கையெழுத்து என்னுடையது.

ஜூன் 11, புதன்

கையெழுத்து 17. முடிவெட்டும் கடையில் மட்டும் ஆறு. காத்திருந்தவர்களுக்குப் பொழுது போகவில்லை போல.

பஞ்சர் கடை முருகன் போடவில்லை. "எனக்கு அந்தாளு வெளையாட்டு புடிச்சிருக்குய்யா. தோத்தாலும் பாக்க நல்லாருக்கு." பாக்க நல்லாருக்காம். கண்காட்சியா நடத்துகிறோம்? திரும்பி வரும் வழியெல்லாம் அவனோடு மனசுக்குள் சண்டை.

தலைவர் போன். வெறும் மனு போதாதாம், ஆதாரம் வேண்டுமாம். "எங்கெங்க தப்பு பண்ணுனாருன்னு நிமிசம் போட்டுக் குறிச்சுட்டு வா." மகள் கவிதா கெ.பட்டி ஆட்டத்தை முழுதும் போனில் எடுத்து வைத்திருக்கிறாள். அவளுக்குக் கல்லூரியில் ஏதோ வீடியோப் போட்டி. நாளை மதியம் பார்க்க வேண்டும்.

வாங்க வேண்டியது: மிளகு, பனங்கற்கண்டு, கவிதாவுக்குச் செருப்பு.

ஜூன் 12, வியாழன்

மதியம் மண்டி விட்டு வந்து போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். கையில் நோட்டு. இரண்டு கட்டம் போட்டாயிற்று: நிமிடம், தவறு.

ஆறாவது நிமிடம். செல்வம் கோலிலிருந்து கார்த்திக்கு. கார்த்தி நடுவுக்கு. அங்கிருந்து திரும்பவும் கார்த்திக்கு. நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கார்த்தி ஒரே அடி, வானத்துக்கு. குறித்தேன். பத்தாவது நிமிடம், அதே கதை. குறித்தேன். மூன்றாவதைக் குறிக்கும்போது பக்கத்தில் கவிதா சிரித்தாள்.

"என்னடி?"

"அப்பா, படத்தப் பாக்காதீக. கண்ண மூடிக்கிட்டு சத்தத்த மட்டும் கேளுங்க."

பின்னால் ஓட்டினாள். கண்ணை மூடினேன். பந்து தட்டும் சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. அப்புறம் ஒரு குரல்: "ஏலே அடிலே! முன்னாடி அடி!" அடுத்த நொடி, டொம்.

என் குரல்.

பத்தாவது நிமிடமும் அப்படித்தான். நான் கத்துகிறேன், கால் போகிறது. கார்த்தி எங்கே அடிக்கிறோம் என்றுகூடப் பார்க்கவில்லை. முழு ஆட்டத்தையும் ஓட்டிப் பார்த்தோம். வானத்துக்கு அடித்தது பதினொன்று. அதில் ஒன்பது என் சத்தத்துக்குப் பிறகு. மூன்று கோலில் இரண்டு, அப்படி அடித்த பந்து திரும்பி வந்து விழுந்தது.

ஓர் இடத்தில் மா. திரும்பி என் பக்கம் பார்க்கிறார். ஒரு பார்வை. மறுபடி மைதானத்தைப் பார்த்து நின்றுவிடுகிறார். அந்த இடத்தை மூன்று தடவை பார்த்தேன். வெட்கமாக இருந்தது. காதெல்லாம் சூடு.

ஈஸ்வரியிடம் சொல்ல வேண்டாம் என்றேன். கவிதா சொல்லிவிட்டாள். அடுப்படியில் இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

சந்தேகம் தீரவில்லை. வீடியோவில் எதையும் காட்டலாம். மண்டியில் ஒரு சோதனை.

டீ நேரம். கார்த்தி எனக்கு முதுகைக் காட்டி நின்று வடை தின்றுகொண்டிருந்தான். ஏலக் குரலில், "ஏலே, மூணு தரம்!" என்றேன். வடை கீழே விழுந்தது. ஆள் குனிந்தே விட்டான். தூக்க அங்கே ஒன்றுமில்லை.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. மைதானத்துல யாரு சொல்றதக் கேட்டு அடிக்கிற?"

"மாஸ்டரு சொல்றதத்தான்ணே." பொய் சொல்லுகிறவன் இல்லை. கொஞ்சம் யோசித்தான். "ஆனா ஒங்க சத்தம் வந்துட்டா காலு தானா போயிருதுண்ணே. ஏன்னு தெரியல."

வேறு வடை வாங்கிக் கொடுத்தேன்.

ஐந்து வருடமாக நான் பழக்கிய ஆட்களை இரண்டு மாதத்தில் அவர் வேறு மாதிரி பழக்க வேண்டும். அதுவும் ஆட்ட நேரத்தில் நான் ஒருபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும்போது. எத்தனை தோல்விவரை பொறுப்பது என்று ஊரே கேட்கிறது, நானும்தான் கேட்டேன். அந்த ஆளை வேலை செய்ய விட்டோமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

இருந்தாலும் சுரேஷை வலது பக்கம் போட்டது தப்புதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

கையெழுத்து 31. இன்று நான் யாரிடமும் கேட்கவில்லை. வீடு தேடி வந்து போட்டுவிட்டுப் போனார்கள். மனு சட்டைப்பையில். உட்கார்ந்தால் குத்துகிறது.

ஜூன் 14, சனி

சாயங்காலம் பயிற்சிக்குப் போனேன். மேற்கே மலை முழுக்க மேகம். மா. ஒற்றை ஆளாகக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். பயல்கள் இன்னும் வரவில்லை. நேராகப் போய் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மாஸ்டர், தோத்ததுல பாதி என்னாலதான்."

"தெரியும்ணே."

"தெரியுமா? எப்பருந்து?"

"ரெண்டாவது மேட்சுலருந்து."

கோபம் வந்தது. "அப்பவே சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா வர்றத நிறுத்திருவீக." கம்பை மிதித்து இறுக்கினார். "மூணாவது மேட்சு அன்னைக்கு மழையில எல்லாரும் போயிட்டாக. நீங்க ஒருத்தர்தான் அங்கன நின்னீக. அப்படி ஒரு ஆள எப்படிண்ணே வேணாம்னு சொல்றது? பயலுகளத்தான் பழக்கணும்னு நெனச்சேன். முடியல."

கண் கலங்கிவிட்டது. எழுதி வைக்கிறேன், யாரும் பார்க்கப் போவதில்லை.

மனு எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். "கேள்விப்பட்டேன். கையெழுத்து அழகா இருக்குன்னு சொன்னாக." சிரித்த முகம்தான். நாலாவது குற்றம்.

சுரேஷைப் பற்றிக் கேட்டேன். "அது எனக்கே சந்தேகந்தான்ணே," என்றார். நாளை இடது பக்கமாம். அந்த ஒரு பதிலுக்காகவே இந்த ஆளை எனக்குப் பிடித்துவிட்டது.

"நாளைக்கு வருவேன். கத்தமாட்டேன்," என்றேன்.

"முடியுமாண்ணே?"

"முடியாது. ஆனாலும் கத்தமாட்டேன்."

ஜூன் 15, ஞாயிறு

காற்று. வெயில். ஊரே மைதானத்தில். தேவாரத்திலிருந்து மூன்று வேன்.

வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். "தங்கராசு ஊமையாயிட்டான், இன்னைக்குச் செயிச்சாப்புலதான்," என்று எவனோ. எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டான்.

இருபதாவது நிமிடம் 0–1. துண்டில் ஓட்டை.

இடைவேளைக்குப் பின் கார்த்தி காலில் பந்து. நின்றுவிட்டான். என்னைப் பார்க்கிறான். நிஜமாகவே காத்து நிற்கிறான், என் சத்தத்துக்கு. நான் மலையைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் மலையைப் பார்த்ததில்லை. அப்போதுதான் மறுபக்கத்திலிருந்து, "கார்த்தி! கீழயே போ! கீழ!" மா. குரல். பாதியில் உடைந்தது, ஆனால் கேட்டது. கார்த்தி திரும்பினான். தட்டினான்.

எழுபதாவது நிமிடம் கோல். ஒன்பது தட்டு, நான் எண்ணினேன். கடைசித் தட்டு சுரேஷ், இடது பக்கமிருந்து. பஞ்சர் கடை முருகன் யாரென்று பாராமல் கட்டிப்பிடித்தான், பார்த்தால் நான். பாக்க நல்லாத்தான் இருந்தது.

1–1. அத்தோடு முடிந்தது.

மேசை. விசில். சுற்றிக் கூட்டம். மா. முகத்தில் இன்று சிரிப்பு இல்லை.

தலைவர் விசிலைத் தொடவில்லை. "டிரான்னா செயிச்ச கணக்குமில்ல, தோத்த கணக்குமில்ல. தங்கராசு, அந்தப் பேப்பரக் கொண்டா."

எடுத்தேன். பிரித்தேன். "இதுல மூணாவதா எழுதிருக்கேன், பயலுக அவரு சொல்றதக் கேக்கறதில்லன்னு. கேக்கவிடாமச் செஞ்சது நான். என் சத்தத்துக்குத்தான் கண்டபடி அடிச்சாய்ங்க. வேணும்னா வீடியோ இருக்கு, பாருங்க. இன்னைக்கு வாய மூடிருந்தேன். ஆட்டத்த நீங்களே பாத்தீக." என் கையெழுத்தை அங்கேயே அடித்தேன்.

பின்னாலிருந்து ஒருவர், "அப்ப நான் போட்டதையும் அடிச்சிருப்பா," என்றார். முடிவெட்டும் கடைக்காரர். இன்னும் இரண்டு மூன்று குரல்.

தலைவர் கை அப்போதும் அசையவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. மா. கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டார். அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. விசிலை எடுத்துவிட்டேன். எனக்கு அந்த உரிமை கிடையாது. தெரிந்துதான் எடுத்தேன். கையைத் தூக்கி, ஆட்டம் முழுக்க அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து ஒரே குரல்:

"விசில் மாஸ்டருக்கு! வேணாங்கிறவுக இப்பவே சொல்லிருங்க! ஒரு தரம்!"

சத்தமில்லை.

"ரெண்டு தரம்!"

தலைவர் கை மேசைமேல் நகர்ந்தது. எல்லோரும் அதையே பார்த்தோம். டீ கிளாஸை எடுத்துக்கொண்டது.

"மூணு…"

மீதி வாயை விட்டு வரவில்லை, மண்டிப் பயல்கள் நான்கு பேரும் குனிந்துவிட்டார்கள். அங்கே தார் எதுவும் இல்லை. மா.தான் நின்றார். தூக்கித் தோளில் வைத்துவிட்டார்கள்.

"ஏலே எறக்குங்கலே! எறக்குங்கங்கிறேன்ல!" மா. கத்தினார். எனக்கே காது அடைத்துவிட்டது.