சைவமா என்று கேட்டார்கள்

ஐப்பசி, சனிக்கிழமை இரவு.

கல்லிடைக்குறிச்சி வீடும் கையை விட்டுப் போய்விட்டது. இதோடு மூன்றாவது வீடு. முதல் இரண்டு வீட்டுக்கும் பத்திரத்தில் வில்லங்கம். இன்றைக்கு வில்லங்கம் என் வாய்தான்.

அட்வான்ஸ் கொடுக்கத்தான் நானும் இவரும் போயிருந்தோம். வீட்டை விற்கிற அண்ணாச்சி காபி கொடுத்துவிட்டு, "நீங்க சைவந்தானே?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார்.

"இல்ல அண்ணாச்சி, மீனும் கறியும் சமைப்போம்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "வித்துட்டுப் போன பொறவும் தெருக்காரங்க என்னைத்தான் ஏசுவாவ. வேற எடம் பாருங்கம்மா" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது இவர், "சைவம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்லா" என்றார்.

"அப்போ சொந்த வீட்டுல நான் ஒளிஞ்சு சமைக்கணுமா? அதுக்கா இத்தனை வருசம் சேத்து வச்சோம்?"

இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜங்ஷனில் இறங்கியதும் நேரே மார்க்கெட்டுக்குப் போய்ச் சாளை மீன் வாங்கினேன். இந்த வாடகை வீட்டு அடுப்படியில் இரண்டு பேர் நிற்க முடியாது. இருந்தாலும் தேங்காய் அரைத்து, புளி கரைத்து, மண்சட்டியில் குழம்பு கூட்டினேன். பாதி மீனைப் பொரித்தேன். கோபத்தில் வைத்த குழம்பு இத்தனை ருசியாக வரும் என்று நினைக்கவில்லை. கீழ்வீட்டு அக்கா மணம் பிடித்து ஏறி வந்தாள். அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன்.

சாப்பிடும்போது இவர், "முக்கூடல்ல ஒரு வீடு இருக்காம். நாளைக்குப் போய்ப் பாப்போமா?" என்று கேட்டார்.

"போவோம். ஆனா அங்கனயும் நான் பொய் சொல்ல மாட்டேன்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். மீனும் கறியும் சமைப்போம்னு வாசல்லயே நான் சொல்லிருதேன்" என்றவர், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னார்.