பகல் பைலட்

பிப்ரவரி 6

பைலட் லைசென்ஸுக்கான மெடிக்கல். காது, இதயம், ரத்தம் எல்லாம் அமோகம். கடைசியில் கண் டாக்டர் ஒரு புத்தகத்தை விரித்தார். பக்கம் முழுக்கக் கலர் புள்ளிகள்.

"என்ன நம்பர் தெரியுது?"

"நம்பரா? எங்க டாக்டர்?"

சிரித்தார். அடுத்த பக்கமும் புள்ளி, அதற்கடுத்ததும் புள்ளி. கொஞ்ச நேரத்தில் சிரிப்பதை நிறுத்திவிட்டார். சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் குறையாம். பிறவியிலேயே உண்டாம். இத்தனை வருடம் வாடகைகூடத் தராமல் என் கண்ணுக்குள் குடித்தனம் நடத்தியிருக்கிறது!

பகலில் மட்டும் ஓட்டலாம், இரவில் கூடாது என்று சான்றிதழில் எழுதிவிட்டார். அப்படிப்பட்டவனை எந்த விமானக் கம்பெனி வேலைக்குச் சேர்க்கும்? இனி ஒரே வழிதான். கன்ட்ரோல் டவரிலிருந்து காட்டும் விளக்கின் நிறத்தைச் சரியாகச் சொன்னால் தடை நீங்கும்.

பிப்ரவரி 7

இது அம்மா வழியாகப் பிள்ளைக்கு வருவது என்றதும் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. மாமாவுக்குப் போன் போட்டாள். "எனக்கும் அப்படித்தாம்மா. அதனாலதான் எப்பவும் வெள்ளைச் சட்டையே எடுக்கறேன்" என்றார். இத்தனை நாள் வாயைத் திறக்காத மனிதர்! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "பெத்தவளே புள்ள பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே" என்று ஒரே புலம்பல்.

பிப்ரவரி 15

அக்காதான் இப்போது என் கோச். சாயங்காலம் எதிர்க் கட்டட மாடியில் டார்ச்சோடு நிற்கிறாள். அதன்மேல் சிவப்போ பச்சையோ கண்ணாடித்தாள். வெள்ளைக்கு ஒன்றும் இல்லை. நான் போனில் நிறத்தைச் சொல்ல வேண்டும். இன்று எல்லாமே சரி! குறையாவது ஒன்றாவது.

பிப்ரவரி 16

அக்காவுக்கு ஆபீஸில் வேலை. அம்மா டார்ச் பிடித்தாள். பாதிக்குப் பாதி தப்பு.

பிறகுதான் உறைத்தது. அக்காவின் சிவப்புத் தாள் கசங்கியது, சுற்ற நேரமாகும். பச்சை சட்டென்று வரும். அம்மாவுக்கோ எந்தத் தாளானாலும் ஒரே நேரம்தான். நான் பார்த்தது விளக்கை இல்லை, அக்காவின் கைத் தாமதத்தை. டவரில் அக்காவா நிற்கப்போகிறாள்?

பிப்ரவரி 17

இன்றும் தப்பு. போடா.

மார்ச் 3

பரீட்சை. ஓடுபாதை ஓரத்தில் நானும் பரிசோதகரும். முதல் விளக்கு சிவப்பு என்றேன், சரி. அடுத்ததை வெள்ளை என்றேன், பச்சையாம். மூன்றாவதைப் பச்சை என்றேன் – அது சிவப்பு.

பச்சை என்றால் இறங்கு. சிவப்பு என்றால் இறங்காதே, சுற்றிக்கொண்டே இரு. ரேடியோ செத்துப்போன ஒரு நாள்ல இப்படிக் காட்டியிருந்தா? அய்யோ, நான் பாட்டுக்கு இறங்கியிருப்பேனே! கீழ வேற ஃப்ளைட் நின்னிருந்தா?

"வருத்தமா இருக்கு தம்பி" என்றார் பரிசோதகர். அவர்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

மார்ச் 4

அழுதேன். அம்மா கதவுக்கு வெளியே வெகுநேரம் நின்றுவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 19

பகல் லைசென்ஸோடு இன்டர்வியூ. வானத்திலிருந்து நிலத்தைப் படம் பிடிக்கும் கம்பெனி. என் தடையைச் சொல்லி முடிப்பதற்குள் முதலாளியம்மா, "ராத்திரில என்னத்தப் படம் எடுக்கறது? நாளைக்கே வந்துடுங்க" என்றார்.

அக்டோபர் 10

வெயில் சாய்ந்ததும் இறங்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா யாரோ சிநேகிதியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ராத்திரியெல்லாம் ஓட்ட மாட்டான். கூடவே கூடாதுன்னு நான்தான் கண்டிப்பா சொல்லிட்டேன். பெத்தவ பேச்சைத் தட்டுவானா?"

என்னைப் பார்த்ததும் குரல் இறங்கியது. நான் "ஆமாம்மா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.